நாப்பத்தேழுல முடியிற நம்பர்

மறைக்காதீங்க தம்பி, நான் பாக்கல. போன்ல ஆறு நம்பர் வந்துச்சு, நீங்க அடிச்சீங்க, பஸ்ல பக்கத்துல உக்காந்திருக்கேன், கண்ணு தன்னால போயிருச்சு. அவ்வளவுதான். அதுக்குள்ள கையை வச்சு மூடுறீங்க பாருங்க. இந்தக் காலத்துல எல்லாருக்கும் எல்லார் மேலயும் சந்தேகம்.

கம்ப்யூட்டர் வேலையா? மடியில பை இருக்கவும் நினைச்சேன். மதுரை வரைக்குமா? நல்லதாப் போச்சு. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். ஆனா சும்மா கேட்டா தப்பா நினைப்பீங்க. முதல்ல இருந்து சொல்லிருதேன்.

என் பேரு அருணாசலம். கோவில்பட்டிதான். போஸ்ட் ஆபீஸ்ல முப்பத்தி நாலு வருஷம். கடைசி ஒன்பது வருஷம் சப் போஸ்ட் மாஸ்டர். எத்தனை ஆயிரம் கடுதாசி என் கை வழியா போயிருக்கும்? ஒண்ணு, ஒரே ஒண்ணு பிரிச்சுப் பாத்திருப்பேனா? வாய் ஒட்டாம வந்த கவரைக்கூட, உள்ள எட்டிப் பாக்காம நானே பசை தடவி ஒட்டி அனுப்பினவன். ஒரு தடவை ஒரு மாமியார் வந்து நின்னுச்சு. மருமக பேருக்கு அவ அம்மா வீட்டுல இருந்து கடுதாசி வந்திருக்கு, அதை என் கையில குடு, ஒரே வீடுதானேன்னுச்சு. யார் பேர் போட்டிருக்கோ அவங்க கையிலதான் குடுப்பேன்னு சொல்லிட்டேன். ஊரே என்னைத் திட்டுச்சு. நான் மசியல. அப்பேர்ப்பட்ட ஆளு தம்பி நான். அதை மட்டும் மனசுல வச்சுக்கிட்டுக் கேளுங்க.

எனக்கு ஒரே மக. சுகந்தி. நர்ஸு. கோயம்புத்தூர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரியில நாலு வருஷமா வேலை. கெட்டிக்காரி. அவளுக்குப் பத்தாவது ரிசல்ட் வந்தப்ப பிரவுசிங் சென்டர்ல கூட்டிப் போயி மெயில் ஐடி தொடங்கிக் குடுத்ததே நான்தான். பாஸ்வேர்டு நான் போட்டது. அவ பேரு, அவ பிறந்த வருஷம். எங்க வீட்டுல அதுதான் வழக்கம். எல்லார் பாஸ்வேர்டும் என் டைரியில இருக்கும். என் சம்சாரம் பொன்னுத்தாயோட ஏடிஎம் கார்டு நம்பர், ரகசிய நம்பர், அவளுக்கே தெரியாது, எனக்குத் தெரியும். ஒளிவுமறைவு கிடையாது. வீட்டுக்கு ஒரு போன், அது என் சட்டைப் பையில. பொன்னுத்தாய்க்கு எதுக்குப் போன்? யாரு கூப்பிடப் போறா?

காலையில காபி குடிச்சிட்டு, பேப்பர் பாத்துட்டு, சுகந்தி மெயிலைப் பாப்பேன். பத்து வருஷமா. சந்தேகமெல்லாம் இல்ல. சேச்சே. அவ டூட்டியில இருப்பா, முக்கியமானது ஏதாச்சும் வந்தா நாமதானே பாத்துச் சொல்லணும்? பல நாள் அவளுக்கு முன்னாடியே நான் பாத்துட்டு, உனக்கு இப்படி ஒரு மெயில் வந்திருக்கும்மான்னு போன் பண்ணுவேன். பாத்துட்டேன்ப்பான்னு சொல்லுவா. பாத்திருக்க மாட்டா. நான் சொல்லித்தான் தெரியும். அப்படித்தான் நான் நினைச்சேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஜெர்மனியில இருந்து ஒண்ணு வந்துச்சு. அங்க ஒரு ஆஸ்பத்திரிக்கு எடுத்திருக்கோம், பத்து நாளுக்குள்ள சம்மதம் சொல்லுங்கன்னு. இவ எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம ராத்திரி டூட்டி, பகல்ல ஜெர்மன் பாஷை கிளாஸ்னு ஓடி ஓடிப் பரீட்சை எழுதியிருக்கா. எனக்கு எப்படி இருக்கும்? அந்தச் சமயத்துல சங்கரன்கோவில்ல ஒரு மாப்பிள்ளை வேற பேசிக்கிட்டு இருந்தோம். நல்ல குடும்பம். பையன் மின்சார ஆபீஸ்ல வேலை. ஜெர்மனியில போயி ஒத்தையில, அந்தக் குளிருல, கேக்க நாதியில்லாம... பொம்பளைப் பிள்ளை தம்பி.

ஒண்ணும் செய்யல. அவ பேருல ஒரு பதில் போட்டேன். குடும்பச் சூழ்நிலை காரணமா எனக்கு விருப்பமில்லைன்னு நாலே வரி. மரியாதையாத்தான் எழுதினேன். போஸ்ட் ஆபீஸ்ல எத்தனை லெட்டர் டிராப்ட் பண்ணினவன்! அப்புறம் அவங்க அனுப்பின மெயிலை அழிச்சுட்டேன்.

அவ வேலை கிடைக்கலைன்னே நினைச்சுக்கிட்டா. போன்ல அழுதா. நான்தான் ஆறுதல் சொன்னேன். எல்லாம் நல்லதுக்குத்தாம்மா, உனக்கு இங்கேயே நல்ல காலம் இருக்குன்னேன். அந்த மாப்பிள்ளை வீட்டுல ரெண்டே மாசத்துல வேற இடம் பாத்துட்டாங்க, அது வேற விஷயம். ஆனா நான் நினைச்சது தப்பா? நீங்களே சொல்லுங்க.

என்ன சொல்றீங்க? சத்தத்துல கேக்கல. அவ மெயில்தான், நான் இல்லைன்னா சொல்றேன்? அவ மெயில், நான் அவ அப்பன்.

இந்த வருஷம் மாசியில குலசாமி கும்பிட வந்தா சுகந்தி. மூணு நாள் இருந்தா. நல்லாத்தான் பேசுனா. பொங்கல் வச்சா, எனக்குக் காலுக்கு மருந்து தடவி விட்டா. அவ ஊருக்குப் போயி நாலாம் நாள். காலையில காபி குடிச்சிட்டு மெயிலைத் திறக்கேன். பாஸ்வேர்டு போட்டேன், சரின்னு வாங்கிக்கிருச்சு. வாங்கிட்டு, அடுத்தாப்புல ஒண்ணு கேக்குது. நீங்கதானான்னு உறுதிப்படுத்தணும், நாப்பத்தேழுல முடியிற நம்பருக்கு ஆறு இலக்கம் அனுப்பியிருக்கோம், அதைப் போடுங்கன்னு. முன்னாடி எல்லாம் வெறும் புள்ளி. கடைசியில நாலு, ஏழு.

என் நம்பர் பதினெட்டுல முடியுது. சுகந்தி நம்பர் தொண்ணூறுல. அப்ப இந்த நாப்பத்தேழு யாரு?

பாஸ்வேர்டை மாத்தியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும் தம்பி. மாத்தல. பழைய சாவியை நம்ம கையிலேயே விட்டுட்டு, உள்ள இன்னொரு கதவைப் போட்டுருக்கா. வா வான்னு திண்ணையில உக்கார வச்சு, பெறகு எந்திரிச்சுப் போன்னு சொல்ற மாதிரி.

போன் பண்ணிக் கேட்டேன். ஆஸ்பத்திரிக்கு யாரோ ரெண்டு பேர் வந்து கிளாஸ் எடுத்தாங்களாம். பாஸ்வேர்டு மட்டும் போதாது, ரெண்டாவது பூட்டு ஒண்ணு எல்லாரும் போட்டுக்கணும், இல்லைன்னா திருடன் உள்ள வந்துருவான்னு சொன்னாங்களாம். அதான் போட்டேன்ப்பாங்கிறா. திருடனுக்குப் போடு, வேண்டாங்கல. அப்பனுக்கு எதுக்கு? அந்த நாப்பத்தேழு யாரு நம்பர்னேன். நம்பிக்கையானவங்க நம்பர்தான்ப்பா, பேஷன்ட் கூப்பிடுறாங்கன்னு வச்சுட்டா.

நம்பிக்கையானவங்க! அந்த ஒரு வார்த்தை என்னைத் தூங்க விடல. எவனோ ஒருத்தன் இருக்கான்னு முடிவு பண்ணிட்டேன். வேற என்ன நினைக்கச் சொல்றீங்க?

சும்மா இருக்கல நான். தினமும் அந்த ஆறு இலக்கத்தை அடிச்சுப் பாப்பேன். அவ பிறந்த தேதி போட்டேன். எங்க கல்யாணத் தேதி போட்டேன். எங்க ஏரியா பின்கோடு ஆறு இலக்கம்தானே, அதையும் போட்டேன். நாலு தடவைக்கு மேல போட்டா, அப்புறம் வாங்கன்னு வெரட்டுது.

பெறகு நம்பரைத் தேடிக் கிளம்புனேன். சுகந்தி சடங்குக்குப் பத்திரிகை வச்சவங்க அட்ரஸ் நோட்டு ஒண்ணு இருக்கு, எல்லார் போன் நம்பரும் அதுல உண்டு. எனக்குக் கண் ஆபரேஷன் ஆகி இன்னும் சின்ன எழுத்து பிடிபடல, போன்லன்னா பெருசு பண்ணிப் பாத்துக்குவேன். பொன்னுத்தாயை உக்கார வச்சு வாசிக்கச் சொன்னேன். எட்டாங் கிளாஸ் படிச்சவ, நம்பர் நல்லா வாசிப்பா. மூணு நாள் மத்தியானம் முழுக்க வாசிச்சா. ஒரு நம்பர் விடாம. நாப்பத்தேழுல முடிஞ்சதெல்லாம் குறிச்சா. மொத்தம் பதினோரு பேரு. ஒவ்வொருத்தருக்கா போன் போட்டேன். சுகந்தியைத் தெரியுமா, கடைசியா எப்பப் பேசுனீங்கன்னு கேட்டேன். தேங்காய்க் கடைக்காரர், மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர், எட்டயபுரத்துல என் சித்தி மகன், அவளுக்குப் பத்தாம் கிளாஸ்ல கணக்கு டியூஷன் எடுத்த வாத்தியார். வாத்தியாருக்கு எழுபத்திரெண்டு வயசு. கோவத்துல போனை வச்சுட்டார்.

அது வேற வினையாப் போச்சு. பதினோரு பேரும் பதினோரு திசையில பேச, அருணாசலம் மக யார் கூடயோ போயிட்டாளாம்னு ஊருல ஒரே பேச்சு. விளாத்திகுளத்துல இருந்து வந்த ஒரு சம்பந்தமும் அதோட நின்னுச்சு. பாருங்க, ஒரு பிள்ளை ஒரு பூட்டைப் போட்டதால ஒரு குடும்பத்துக்கே எவ்வளவு கெட்ட பேரு!

பொன்னுத்தாய் மட்டும் என்னைக் குத்தம் சொல்லல. காபியைக் கொண்டாந்து வச்சுட்டு, கண்டுபிடிச்சிட்டீங்களாங்கன்னு கேப்பா. தினமும் கேப்பா. இவளாச்சும் நம்ம கவலையில பங்கெடுக்கிறாளேன்னு நினைச்சேன்.

முந்தாநாள் காலையில, பத்து மணி இருக்கும். வழக்கம் போல நம்பரை அனுப்புன்னு அழுத்துனேன். அடுக்களைக்குள்ள டிங்குன்னு ஒரு சத்தம்.

ஏதோ பாத்திரம்னு நினைச்சேன். கொஞ்ச நேரங்கழிச்சுத் திரும்ப அழுத்துனேன். திரும்பவும் டிங். எந்திரிச்சு உள்ள போனா, அவ அடுப்புகிட்ட நிக்கா, திரும்பல. நான் ஒவ்வொரு டப்பாவா திறந்தேன். துவரம்பருப்பு, கடலை, வத்தல். உளுந்து டப்பாவுல இருந்துச்சு. நீலக் கவர் போட்ட ஒரு போன்.

இருபத்தெட்டு வருஷம் தம்பி. ஒரே வீடு. என் கண்ணு முன்னாடி உக்காந்து, மூணு நாள், அடுத்தவன் நம்பரையெல்லாம் வாசிச்சிருக்கா!

மாசியில வந்தப்ப சுகந்தி வாங்கிக் குடுத்துட்டுப் போயிருக்கா. இவ அதை இத்தனை நாளும் சத்தமில்லாம வச்சிருந்திருக்கா. அன்னைக்கு மட்டும் ஏன் சத்தம் வச்சான்னு எனக்கு அப்பத் தெரியல. மக கிளம்புற சேதிக்குக் காத்துக்கிட்டு இருந்திருக்கா.

திறன்னேன். அவ திறக்கல. அந்தப் போனுக்கு விரலை வச்சாத்தான் திறக்குமாம். ரேஷன் கடையில மூணு மாசமா இவ கைரேகை விழல, பாத்திரம் தேச்சுத் தேச்சு ரேகை அழிஞ்சு போச்சுன்னாங்க, நான்தான் போயி அரிசி வாங்கிட்டு வாரேன். இந்தப் போன்ல மட்டும் விழுதாம். எனக்கு அடக்க முடியல. அவ கையைப் பிடிச்சேன். அடிக்கல தம்பி, நான் அடிக்கிற ஆளில்ல, யாரை வேணும்னாலும் கேளுங்க. கையைத்தான் பிடிச்சேன். பெருவிரலை இழுத்து அதுல வைக்கப் பாத்தேன். அவ கையை மூடிக்கிட்டா. விரலை உள்ள வச்சு இறுக்கிட்டா. நான் ஒவ்வொரு விரலா பிரிக்கேன், அவ திரும்ப மூடுறா. வளையல் ஒண்ணு உடைஞ்சு அவ மணிக்கட்டுல கீறிருச்சு. எனக்கு மூச்சு வாங்கிருச்சு, விட்டுட்டேன்.

அந்த நம்பரையாச்சும் சொல்லுடின்னேன்.

அப்பத்தான் பேசுனா. “யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு அதுலயே போட்டிருக்குங்க.”

“நான் யாரோவாடி?”ன்னேன்.

என்னைப் பாத்தா. மணிக்கட்டைத் தண்ணியில கழுவிட்டு, உளுந்தை அள்ளி ஊறப் போட்டா.

நேத்து மத்தியானம் சாப்பாடு போட்டுட்டு அவளே வந்தா. கையில போன். என் எதுக்க உக்காந்தா. “சுகந்தி ஏறிட்டாளுங்க. ஒன்றரை மணிக்குக் கொச்சியில இருந்து பிளேன். இனி நீங்க பாக்கலாம்னு சொல்லிட்டுத்தான் போனா. அழுத்துங்க, நம்பர் சொல்றேன்”ங்கிறா.

எங்க போறா, எப்ப முடிவு பண்ணுனான்னு கேக்கக்கூட நினைப்பு வரல, நம்பர்தான் ஞாபகம். அழுத்துனேன். அவ ஆறு நம்பரையும் நிதானமா வாசிச்சா. அட்ரஸ் நோட்டு வாசிச்ச மாதிரியே, ரெண்டு தடவை.

உள்ள போனேன். ஒண்ணுமே இல்ல தம்பி. பத்து வருஷ மெயிலும் காலி. துடைச்சு வச்சிருக்கா. அனுப்புனதெல்லாம் தனியா ஒரு இடத்துல கிடக்குமாமே, எனக்கு அது தெரியாது, அங்க ஒண்ணு மட்டும் இருந்துச்சு. குடும்பச் சூழ்நிலை காரணமா எனக்கு விருப்பமில்லைன்னு ஜெர்மனிக்கு நான் எழுதினது.

எப்பப் பாத்தாளோ. ஒரு வருஷத்துக்கு முன்னாடியே பாத்துட்டாளாம், பொன்னுத்தாய் சொல்றா. பூட்டைப் போட்டுட்டுத் திரும்ப ஜெர்மனிக்கே எழுதி வேலை வாங்கிட்டாளாம். தெரிஞ்சுக்கிட்டே பொங்கல் வச்சிருக்கா. தெரிஞ்சுக்கிட்டே என் காலுக்கு மருந்து போட்டிருக்கா. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? ஏம்ப்பா இப்படிப் பண்ணினீங்கன்னு கேட்டா நான் சொல்லியிருப்பேனே, உன் நல்லதுக்குத்தான்னு. அப்பன்கிட்டக் கேக்கணும்னு தோணலையே. பெத்தவங்களை நம்பாத காலமாப் போச்சு தம்பி.

அழுதேன். உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, நேத்து பூரா அழுதேன். அவ போன் எடுக்கல. பிளேன்ல இருப்பாளுங்க, எடுக்க முடியாதுன்னு பொன்னுத்தாய் சொன்னா. அவளுக்கு அதெல்லாம் தெரிஞ்சிருக்கு.

இதோட முடிஞ்சிருந்தா நான் உங்ககிட்ட ஏன் சொல்லிக்கிட்டு இருக்கப் போறேன்? இன்னைக்குக் காலையில கேளுங்க. அந்தப் போன்ல ஏதோ வந்துச்சு. இப்பவெல்லாம் ஒளிச்சு வைக்கிறது இல்ல, இடுப்புல செருகியிருக்கா. எடுத்து வாசிச்சா. உள்ள போயி, எடுத்து வச்ச பச்சைச் சேலையைக் கட்டுனா. ஒரு பையில துணி, ஒரு பிளாஸ்டிக் கவர்ல ஏதோ பேப்பர். சாதம் வச்சிருக்கேன், ரசம் இருக்கு, மதுரை வரைக்கும் போயிட்டு வாரேன்ங்கிறா. எதுக்குன்னேன். ஒரு வேலையாங்கன்னா. என்ன வேலைன்னேன். செருப்பை மாட்டிட்டுப் போயிட்டா.

பாஸ்போர்ட்டா இருக்குமோ? மக கூப்பிடுறாளோ? இல்ல மதுரையில அவ அக்கா மக இருக்கா, அங்க போயித் தங்கப் போறாளா? துணி எதுக்கு எடுத்துட்டுப் போகணும்? எனக்கு வீட்டுல இருப்புக் கொள்ளல. கதவைச் சாத்திட்டுப் பின்னாலேயே வந்துட்டேன்.

ஆமா தம்பி, இந்த பஸ்லதான். முன்னாடி பாருங்க, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு, ஜன்னலோரம். பச்சைச் சேலை. அவதான். அவ முன்வாசல்ல ஏறுனா, நான் பின்வாசல்ல ஏறிட்டேன். நான் வந்தது அவளுக்குத் தெரியாது. எங்கன இறங்குறா, யாரைப் பாக்குறான்னு தெரிஞ்சா போதும். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.

அதான் உங்ககிட்டக் கேக்க வந்தது. நீங்க படிச்சவரு. அந்தப் போனுக்கு வார மெசேஜை, இங்கன இருந்துக்கிட்டே நம்ம போன்ல பாக்க ஏதாச்சும் வழி இருக்கா? அவளுக்குத் தெரியாமத்தான். தெரிஞ்சா சங்கடப்படுவா. அவ பாதுகாப்புக்குத்தான் தம்பி கேக்கேன். ஊரு உலகம் தெரியாதவ. யாராச்சும் ஏமாத்திட்டா?

ஏன் அப்படிப் பாக்குறீங்க? நான் என்ன தப்பாக் கேட்டுட்டேன்?

இருங்க, கண்டக்டர் வாரார். மதுரை ஒண்ணு குடுங்க சார். என்ன? யாரு எடுத்தா? ஆமா, என் பேரு அருணாசலம்தான். ஆமா, பின்னால வெள்ளைச் சட்டை, கண்ணாடி, நான்தான். அந்த அம்மாவா?

பாத்தீங்களா தம்பி! எனக்கும் சேத்து எடுத்திருக்கா. எந்த பஸ்ல ஏறினாலும், டிக்கெட் பின்னாடி வாங்குவாங்கன்னு சொல்லிட்டு உக்காந்துக்கிறவ. கண்டக்டர்கிட்ட அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர வேற பேசினதே இல்ல. இன்னைக்கு அவளே எடுத்துக் குடுத்துவிட்டிருக்கா. அப்ப நான் ஏறினது அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. ஏறும்போதே பாத்திருக்கா. கோவமெல்லாம் தீந்திருச்சுன்னு அர்த்தம். கூட வரட்டும்னு நினைச்சிருக்கா. முன்னாடி போயி உக்காந்துக்கிறட்டுமா?

இது என்ன போட்டிருக்கு, வாசிங்க தம்பி. சின்ன எழுத்து, எனக்குத் தெரியல. மதுரைதானே?

சாத்தூரா? சரியாப் பாருங்க. சாத்தூரேதானா?

சார், கண்டக்டர் சார்! தப்பாக் கிழிச்சிட்டீங்க போல. மதுரைக்குக் கேட்டிருப்பாங்க. இல்லையா? சாத்தூர் ஒண்ணு, அவருக்குன்னே சொன்னாங்களா? அங்க இறங்கி அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வீட்டுக்குப் போகச் சொன்னாங்களா? அந்த அம்மா எங்க வரைக்கும் எடுத்திருக்காங்க? சும்மா சொல்லுங்க சார், நான் அவ வீட்டுக்காரன்.

அவங்ககிட்டயே கேளுங்கன்னுட்டுப் போறார் பாருங்க.

சாத்தூர் வந்துருச்சோ? பஸ் ஸ்டாண்டுக்குள்ள திரும்புது. மேல மதுரைக்கு இன்னொரு டிக்கெட் எடுத்துரலாம்தான். எடுக்கலாம். என்ன செய்யட்டும் தம்பி?

கொஞ்சம் காலை மடக்குங்க. இறங்கிக்கிறேன். முன்னாடி கூட்டம் மறைக்குது, எனக்குத் தெரியல. நீங்க உசரமா இருக்கீங்க, எந்திரிச்சு ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க. அவ திரும்பிப் பாக்குறாளா?